குளிர்நீர் மேட்டு வீடு

திரியெஸ்தே, 10 பிப்ரவரி 2002

என் எந்தேலாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இடுப்பு மட்டும் தனிக் கட்சி. உனக்கு இருமல் விட்டதா? நாம் ஒருவரையொருவர் நலம் விசாரித்து முடிப்பதற்குள் தொலைபேசி அட்டை தீர்ந்துவிடுகிறது. அதனால் காரியத்தைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

வீடு வாங்கப் போகிறேன். இங்கே இல்லை, அங்கே, வ்லோராவில். பதினோரு வருஷம் இத்தாலிக்காரர்களின் தரையைத் துடைத்துச் சேர்த்தது போதும். நான் கப்பலில் தொற்றிக்கொண்டு கிளம்பிய அல்பேனியாவில் யாருக்கும் எதுவும் சொந்தமில்லை, எல்லாம் கட்சியுடையது. இப்போது எல்லாமே விற்பனைக்கு இருக்கிறதாம். எனக்குத் தெரிந்த நாடு ரொட்டி வரிசையோடு நின்றுபோய்விட்டது. பணத்தைப் போடுவதற்கு முன் இப்போதைய நாட்டை நான் தெரிந்துகொண்டாக வேண்டும். யாரிடம் கேட்பேன்? உன் அப்பா, என் தம்பி, போய்விட்டான். உன் அம்மா ஏதென்ஸில் உன் அண்ணனோடு இருக்கிறாள். அங்கே மிச்சம் நீ ஒருத்தி.

நீ இருக்கிற தைரியத்தில்தான் இந்த எண்ணமே வந்தது. நான் வந்து சேரும்வரை வீட்டைக் கூட்டி, ஜன்னலைத் திறந்து வைக்க ஓர் ஆள் வேண்டுமே. நீ அதில் குடியே இருக்கலாம்.

பெத்ரித் மாமா உன்னை விசாரிக்கச் சொன்னார். இரண்டு கன்னத்திலும் முத்தம்.

லிரி அத்தை


வ்லோரா, 3 மார்ச் 2002

அன்புள்ள லிரி அத்தைக்கு,

இருமல் போய்விட்டது, மின்சாரம்தான் இன்னும் விட்டுவிட்டு வருகிறது. உங்கள் இடுப்புக்குக் குளிர் ஆகாது, கம்பளிப் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பழைய தெருவில் ஒரு வீடு பார்த்தேன். முற்றத்தின் நடுவில் கான்கிரீட் பதுங்குகுழி ஒன்று, கவிழ்த்த சட்டி மாதிரி.

"இதை இடிக்க முடியுமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"முயற்சி பண்ணிப் பாரு தங்கச்சி. எங்கப்பா ரெண்டு கடப்பாரையை உடைச்சாரு. எதுக்கு இடிக்கணும்? கோடையில தக்காளி வை. ஃப்ரிட்ஜெல்லாம் தோத்துப்போகும்."

குழாயில் தண்ணீர் விடியற்காலையில் மட்டும்தான் வருகிறது. வடக்குச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. இது வேண்டாம் அத்தை.

நான் பள்ளி நூலகம், வீடு என்று இருக்கிறேன். மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன், சும்மா, பொழுதுபோக்குக்கு.

மாமாவுக்கு என் வணக்கம்.

எந்தேலா


திரியெஸ்தே, 24 மார்ச் 2002

எந்தேலாக் கண்ணு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே ரொட்டியைக் கடிக்கிறாயா?

விடியற்காலையில் மட்டும் தண்ணீர் வரும் ஊரில்தானே நான் பிறந்தேன்! வாளி நிரப்ப மறந்துபோயிருக்கும் என்று நினைத்தாயா? இருக்கட்டும். கடற்கரையில் புதுசு புதுசாக மாடி வீடுகள் எழும்புகின்றனவாம். அவற்றைப் பார். சீக்கிரம் பார்.

பிரெஞ்சு எதற்கு? இத்தாலிய மொழியைப் படி, நான் வந்தால் என்னோடு சண்டை போட உதவும்.

அத்தை


வ்லோரா, 21 ஏப்ரல் 2002

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே ரொட்டியைக் கடித்தேன். நலமாக இருக்கிறேன். உங்களுக்கும் மாமாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? போன முறை மாமாவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

கடற்கரையில் பாதி கட்டிய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றுக்குப் போனேன். கண்ணேறு படாமலிருக்க மூன்றாம் மாடிக் கம்பியில் வைக்கோல் பொம்மை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பழைய கோட்டு, தொப்பி எல்லாம் போட்டு அசல் எங்கள் தலைமையாசிரியர். லிஃப்ட் எங்கே என்று கேட்டதற்குக் கட்டுகிறவர், "அடுத்த வருஷம் வரும்" என்றார். அனுமதிப் பத்திரம்? "அதுவும் லிஃப்ட்லதான் வருது" என்றார்.

பால்கனி தெற்குப் பார்த்தது. கோடையில் வெயில் தாங்காது. நம்பிப் பணம் போட முடியாத இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த சில மாதங்களில் ஒருமுறை ஏதென்ஸ் போக வேண்டியிருக்கும், அம்மாவைப் பார்க்க. அதனால் எதற்கும் அவசரப்பட வேண்டாம்.

எந்தேலா


திரியெஸ்தே, 19 மே 2002

எந்தேலாவுக்கு,

இனிமேல் உறையின் பின்புறம் உள்ள முகவரிக்கு எழுது. சீமாட்டி மார்கேசியின் வீடு. கிழவியோடு இரவும் தங்க ஆள் வேண்டுமென்றார்கள், ஒப்புக்கொண்டேன். சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை. வசதிதான். உடம்பு பரவாயில்லை. நீ நலமா?

வெயில் தாங்காதாம்! வ்லோராக்காரி பேசுகிற பேச்சா இது?

நானே ஒன்று கண்டுபிடித்துவிட்டேன். இங்கே மீன் சந்தையில் வேலை செய்கிற ஒருவனின் சித்தப்பா, பார்தில் என்று பெயர், குளிர்நீர்க் கரைக்கு மேலே மேட்டில் கல் வீடு வைத்திருக்கிறாராம். கிணறு, ஆலிவ் மரங்கள். கிரீஸில் பிள்ளைகளிடம் போவதற்காக விற்கிறார். படம் காட்டினான். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

போய்ப் பார். இந்த முறை நல்லதையும் பார்.

அத்தை


வ்லோரா, 16 ஜூன் 2002

அன்புள்ள அத்தைக்கு,

புது அறையில் காற்று வருகிறதா? சமையலறைக்குப் பின்னால் என்றால் உங்கள் மூச்சுக்கு ஆகாதே. மாமா எங்கே தங்கியிருக்கிறார்?

பார்தில் வீட்டைப் பார்த்தேன். அழகான வீடு, மறைக்க மாட்டேன். வாசலில் நின்றால் வளைகுடா முழுவதும் தெரிகிறது. காகிதங்களிலும் எல்லா முத்திரையும் இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் கேட்டேன், வழக்கு எதுவும் இல்லை. பார்தில் அதிகம் பேசாத மனிதர், நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னார்.

திரும்பும்போது வேலிக்கு அப்பாலிருந்து நூரியே என்ற அம்மாள் கூப்பிட்டார். காபி, அத்திக்காய்ப் பாகு, குளிர்ந்த தண்ணீர், ஒன்றும் குறைவில்லை. அப்பாவைத் தெரியுமாம்.

"எங்க அத்தை இந்த வீட்டை வாங்கப் போறாங்க" என்றேன்.

"அப்படியா. முழங்கால் நல்லா இருக்கா அவங்களுக்கு? மேடு ஏறணுமே."

"இடுப்புதான் கொஞ்சம் தொந்தரவு."

"உப்பை வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடுக்கச் சொல்லு."

அவ்வளவுதான். அத்தை, அவர் அதைச் சொல்லவில்லை. நம் ஊரில் ஒருத்தி புது வாளி வாங்கினால்கூட எதிரே வருகிறவள் "சுகமா அனுபவி" என்று சொல்லாமல் போகமாட்டாள். வீட்டுக்கு, கிணற்றோடு கூடிய வீட்டுக்கு, உப்பு ஒத்தடத்தோடு நிறுத்திக்கொண்டார். மறுபக்கத்து வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவரிடமும் சொல்லிப் பார்த்தேன். ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொடுத்தார், வார்த்தையைக் கொடுக்கவில்லை.

அந்த நிலத்தில் ஏதோ இருக்கிறது. எந்த அலுவலகமும் அறியாதது, அக்கம்பக்கத்தார் எல்லோரும் அறிந்தது. கொஞ்சம் பொறுங்கள்.

எந்தேலா


திரியெஸ்தே, 7 ஜூலை 2002

எந்தேலாவுக்கு,

நலம்.

நூரியேவுக்குப் பல்வலியாக இருந்திருக்கும். முதல் வீட்டில் தண்ணீர் இல்லை, இரண்டாம் வீட்டில் வெயில், மூன்றாவதில் ஒரு வார்த்தை குறைகிறது. நான்காவது பார்த்தால் என்ன குறையும், குயில் கூவவில்லை என்பாயா? முத்திரை குத்திய காகிதத்தை நம்பாதே, கிழவி சொல்லாததை நம்பு என்கிறாய். நிறையப் படித்தால் இப்படித்தான் ஆகுமோ?

சீமாட்டி இப்போது சூப் மட்டும்தான் குடிக்கிறார். போன ஞாயிறு அவர் மகன் வந்தான். அம்மாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான், பிறகு அறைகளை அளந்துவிட்டுப் போனான்.

செப்டம்பரில் வந்து கையெழுத்துப் போடுகிறேன். பார்திலிடம் சொல்லிவிடு.

லிரி


வ்லோரா, 28 ஜூலை 2002

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் உடம்பைப் பற்றி இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், வழக்கத்துக்காக அல்ல. இரவில் தூங்குகிறீர்களா?

இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிக் கிழித்தேன். நீங்கள் என்னை நம்பாததற்குக் காரணம் நான்தான்.

பழைய தெரு வீட்டில் ஓதம் இருந்தது ஒரே ஒரு சுவரில். கடற்கரை மாடி வீடு நல்ல வீடு. அனுமதி அடுத்த வாரமே வந்துவிட்டது. தண்ணீர் நாள் முழுக்க வரும். அந்தத் தெற்குப் பால்கனியில் ஒரு சிமெண்ட் மூட்டை மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், எழுந்து வர மனமில்லை. வீட்டுக்கு வந்து உங்களுக்கு வெயில் என்று எழுதினேன். அது இப்போது விற்றுப்போய்விட்டது.

நான் கனடாவில் குடியேற மனுப் போட்டிருக்கிறேன், அத்தை. உங்கள் முதல் கடிதம் வருவதற்கு முந்தின இலையுதிர் காலத்திலேயே. பிரெஞ்சு அதற்காகத்தான். செப்டம்பரில் ஏதென்ஸ் போவதும் அம்மாவைப் பார்க்க அல்ல, நேர்காணலுக்கு. "நீ இருக்கிற தைரியத்தில்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் அது என் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொள்வதுபோல் இருந்தது. இல்லை என்று சொல்லும் துணிவு இல்லை. ஆகையால் சுவர்களைக் குறை சொன்னேன்.

ஆனால் மேட்டு வீட்டைப் பற்றி நான் எழுதியதில் பொய் கிடையாது. அதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகவே மற்றதைச் சொல்கிறேன். என்மேல் கோபப்படுங்கள், எத்தனை வருஷம் வேண்டுமானாலும். கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

இந்த முறை மாமாவுக்கு வணக்கம் எழுதவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எந்தேலா


வ்லோரா, உன் சமையலறை மேஜை, 14 செப்டம்பர் 2002

எந்தேலா,

ஆகஸ்டு முழுக்கப் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் தபால்காரன் கை சுட்டிருக்கும்.

கப்பலில் வந்தேன். நீ ஏதென்ஸில் இருப்பாய் என்று தெரிந்தேதான் வந்தேன். கீழ் வீட்டு ஸானா சாவி கொடுத்தாள். நேற்று மேட்டுக்கு ஏறினேன். இடுப்பு என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

நூரியே காபி போட்டாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, பக்கத்து வீட்டை நான் வாங்கிட்டேன்" என்றேன். பொய்தான். கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று நினைத்தாலாவது வாய் திறக்குமா என்று பார்த்தேன்.

"கிணத்துத் தண்ணி நல்லா இருக்கும்" என்றாள்.

"வாங்கிட்டேன்னு சொல்றேனே."

"காது கேக்குது. காபி ஆறுது, குடி."

குடித்தேன். எழுந்து வாசலில் ஷூ மாட்டப் போனபோது குனிந்து பார்த்தாள். திரியெஸ்தேயில் தள்ளுபடியில் வாங்கின பழுப்பு ஷூ.

"புதுசா?"

"போன வாரம் வாங்கினது."

"சுகமா அனுபவி லிரி. காலை உறுத்தாம இருக்கட்டும்."

எந்தேலா, அங்கேயே அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஷூவுக்குச் சொல்கிறாள்! பதினோரு வருஷமாக என் காதில் விழாத வார்த்தை. அங்கே யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதும் ஒரு பேச்சு என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

நான் உட்கார்ந்ததைப் பார்த்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நவம்பர்ல வந்து பாரு" என்றாள். "மலிக்கேன்னு ஒருத்தி வருவா, சாக்கு எடுத்துக்கிட்டு. அந்த ஆலிவ் மரமெல்லாம் அவ தாத்தா வெச்சது. கட்சி வந்தப்போ குடும்பத்தையே லாரியில ஏத்திச் சதுப்புக் காட்டுக்கு அனுப்புனாங்க. அவ அப்போ கைக்குழந்தை. இப்பவும் வருவா, பறிப்பா, போவா."

"பார்தில் விடறாரா?"

"அன்னிக்கு ஜன்னலைச் சாத்திட்டு டவுனுக்குப் போயிருவான். பாவம், அவனையும் கூட்டுப்பண்ணைக்காரங்கதான் அங்க குடிவெச்சாங்க, அப்புறம் பேப்பரும் குடுத்தாங்க. அவன் திருடலை. நீ வந்தா நீயும் ஜன்னலைச் சாத்துவியா?"

பார்திலிடமும் போனேன். "எல்லா முத்திரையும் இருக்கும்மா" என்றார், தரையைப் பார்த்து.

"முத்திரையை நான் கேக்கலை. சுகமா அனுபவின்னு என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. நாளைக்கே நோட்டரிகிட்ட வரேன்."

மனிதர் எழுந்து போனார். கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, "தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்தேன். நல்ல தண்ணீர்தான்.

மாமாவைப் பற்றிக் கடைசிக் கடிதத்தில் நீ கேட்காமல் விட்டாய், நல்லது. மார்ச்சிலிருந்து பிரெஷா நகரத்தில் இருக்கிறார். தனியாக இல்லை.

உன் திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். அவை இவ்வளவு வெள்ளை என்று உனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். இந்தச் சமையலறை ஜன்னலிலிருந்து இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிகிறது. ஒரு கடிதத்திலும் நீ அதை எழுதவில்லை. நீ போய்விட்டால் இந்த வீட்டை என்ன செய்வதாக இருக்கிறாய்?

கனடாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கவனிக்கத் தெரிந்தவள்தானே நீ.

அடுப்பில் பீன்ஸ் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு.

அத்தை


வ்லோரா, 11 மே 2003

அன்புள்ள அத்தைக்கு,

சீமாட்டி காலமானதை இரண்டே வரியில் எழுதியிருந்தீர்கள். அவரோடு இருந்த இரவுகளெல்லாம் உங்கள் உடம்பிலிருந்து இறங்க நாளாகும். சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

நான் இருக்கும் இந்த வீடு உங்கள் பெயருக்கு மாறிவிட்டது. நீங்களும் அம்மாவும் பேசிக்கொண்டபடியே. அம்மாவும் அண்ணனும் ஏதென்ஸிலிருந்து கையெழுத்து அனுப்பினார்கள். நோட்டரியிடமிருந்து திரும்பும்போது மாடிப்படியில் ஸானா வழிமறித்தாள். "லிரி அக்கா வராங்களாமே! சுகமா அனுபவிக்கட்டும். மாடிப்படி கழுவுற முறை வியாழக்கிழமை, அதையும் சொல்லிடு!" என்றாள். மேல் வீட்டுக் கிழவர், அவருக்குக் காது சரியாகக் கேட்காது, எதிர் வீட்டுக் கதவு வரை எட்டும்படி அதையே கத்தினார். கேட்டுக்கொண்டே நின்றேன். உங்கள் சார்பில் நன்றி சொன்னேன்.

சமையலறைக் குழாயை முழுக்கத் திருகாதீர்கள், முக்கால் திருகில் ஒரு பிடிப்பு வரும், அங்கே நிறுத்துங்கள். அப்பாவின் நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

விசா வந்துவிட்டது. ஜூன் கடைசியில் கிளம்புகிறேன். நீங்கள் வரும்போது நான் இருக்கமாட்டேன். இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்கவில்லை.

எந்தேலா


மாண்ட்ரியல், 2 நவம்பர் 2003

அன்புள்ள அத்தைக்கு,

ஜூலையில் ஒரு கடிதம், செப்டம்பரில் ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அம்மாவிடம் கேட்டால், "நல்லாத்தான் இருக்கா, வியாழக்கிழமை மாடிப்படி கழுவுறா" என்கிறாள். இடுப்பு எப்படி இருக்கிறது? வளைகுடாவில் தெற்குக் காற்று தொடங்கியிருக்குமே, ஜன்னலுக்குக் கீழே துணி வையுங்கள்.

நான் நலம். ஒரு கிடங்கில் புத்தகப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிறேன். இரவில் விழிப்பு வந்தால் எந்த அறையில் இருக்கிறேன் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகிறது. குளிர்நீர் மேட்டில் இப்போது மலிக்கே ஆலிவ் பறிக்க வந்திருப்பாளா என்று யோசிக்கிறேன். ஏனென்று தெரியவில்லை, அவள் சாக்கை மடித்துக்கொண்டு திரும்பிப் போகும் வழிதான் கண்ணில் நிற்கிறது.

நேற்று குளிர்காலக் கோட்டு வாங்கினேன். கருநீலம், முழங்காலுக்குக் கீழே வரும். கல்லாவில் இருந்த பெண் பையில் போட்டுக் கொடுத்தாள், சிரித்தாள், மீதிச் சில்லறையும் கொடுத்தாள். நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் இருந்தவர் தொண்டையைச் செருமிய பிறகுதான் தெரிந்தது, நான் அந்த வார்த்தைக்காக நின்றுகொண்டிருக்கிறேன் என்று.

எந்தேலா


வ்லோரா, 30 நவம்பர் 2003

என் எந்தேலாவுக்கு,

நான் சௌக்கியம். குழாயை முக்கால் திருகில் நிறுத்தக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஜன்னலுக்குக் கீழே துணி வைத்திருக்கிறேன்.

மலிக்கே வந்தாள். நூரியே சொல்லி அனுப்பினாள், போனேன். பார்தில் இன்னும் விற்கவில்லை. இந்த வருஷம் ஜன்னல் சாத்தியிருந்தது, ஆனால் ஆள் டவுனுக்குப் போகவில்லை, உள்ளே இருமிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கிளையை வளைத்துப் பிடித்தேன். ஒரு ஜாடி ஆலிவ் எனக்கும் கிடைத்தது. உப்புத் தண்ணீரில் கிடக்கிறது.

பதில் எழுதாமல் இருந்தேன். பிடிக்காத காரியத்துக்கு நம் வாயிலிருந்து அந்த வார்த்தை வராது, உனக்கே தெரியும். பொய்யாக எழுத மனமில்லை. நீ போனது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. சாயங்காலம் இந்த ஜன்னலில் உட்கார்ந்தால் அந்த ஒரு விரல் கடலைப் பார்த்துக் கோபம் வருகிறது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸானா வீட்டுக்குப் போய் அந்தக் கல்லாப் பெண்ணைப் பற்றிய இடத்தைப் படித்துக் காட்டினேன். அவள் அழுதாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை.

கருநீலம் உனக்குப் பொருத்தமாக இருக்கும். உன் அப்பாவிடமும் ஒன்று இருந்தது. மேல் பொத்தானைப் போட்டுக்கொள், நெஞ்சில் காற்றுப் பட்டால் இருமல் வரும்.

கோட்டு புதுசு இல்லையா, அதனால் சொல்கிறேன்.

சுகமா அனுபவிடி, என் கண்ணே.

உன் லிரி அத்தை